மீக்கணனியும் உயிர்மருத்துவ ஆய்வாளரும்: பயிற்சி பற்றி ஒரு வாதம்

விஞ்ஞானக் கருவிகளை வாங்குவதிற் காட்டப்படும் உற்சாகம் அவற்றைக் கையாளும் மனிதரை உருவாக்குவதிற் காட்டப்படுவதில்லை என்பது புதிய முறைப்பாடன்று. குளிரூட்டிய அறையொன்றில் உறையிட்டு மூடப்பட்டபடியே முதுமையடைந்த கருவிகளைக் காணாத பல்கலைக்கழகத்தவர் அரியர். ஆயினும் மீக்கணனியின் விடயத்தில், அதாவது சுப்பர் கொம்பியூட்டர் என வழங்கும் பெருங்கணிப்புப் பொறியின் விடயத்தில், இம்முறைப்பாடு வேறொரு தன்மையைப் பெறுகின்றது. நுணுக்குக்காட்டியைக் கையாளத் தெரியாதவருக்கு அதனூடாக ஒன்றும் தெரியாது. தமக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதாவது அவருக்குத் தெரியும். மீக்கணனியோ தன்னைக் கையாளத் தெரியாதவருக்கும் விடையொன்றைத் தந்தே தீரும். பிழையான விடையும் சரியான விடையைப் போலவே, அதே தசமதானங்களுடனும் அதே வண்ணப்படங்களுடனும் வந்து நிற்கும். இவ்வேறுபாட்டை மறந்தவர்களோடு வழக்காடுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வாளர் வினாவை எழுப்பினாற் போதும், கணிப்பைக் கணனி அறிந்தவர் பார்த்துக்கொள்வர் என்பது ஒரு சாரார் கூற்று. மருத்துவ ஆய்வாளருக்கு நோயும் கலமும் புரதமும் தெரிந்தாற் போதாதா, நிரல் எழுதும் வேலையையும் அவர் தலையிற் சுமத்துவது ஏன் என இவர்கள் இரக்கத்துடன் வினவுவர். மென்பொருள்கள் இலகுவாகிவிட்டன, பொத்தானை அமத்தினால் விடை வருகின்றது, ஆதலாற் பயிற்சியென்பது இரண்டுநாட் செயலமர்வுக்கு மேற் செல்லவேண்டியதில்லை என்பது இன்னொரு சாரார் கூற்று. இவ்விரண்டும் வெவ்வேறானவை போலத் தோன்றினும் வேர் ஒன்றே. கணிப்பு என்பது ஆய்வுக்குப் புறம்பானது, பரிசோதனைக் குழாயைக் கழுவுவது போலப் பிறரைக்கொண்டு செய்விக்கத்தக்கது என்னும் எண்ணமே அவ்வேர். எமது நிலைப்பாடு இதற்கு நேர்மாறானது. வினாவை எழுப்புபவர் எவரோ அவரே கணிப்பைச் சோதிக்க வல்லவராயிருத்தல் வேண்டும். அவ்வல்லமையைத் தரும் பயிற்சி ஆய்வின் உறுப்பேயன்றிப் பொறியோடு இலவசமாக வரும் இணைப்பன்று. ஆகவே அதற்குரிய ஆளும் காலமும் பணமும் பொறியின் மின்சாரச் செலவைப் போல நிரந்தரமாக ஒதுக்கப்படல் வேண்டும்.

அமெரிக்க நாட்டின் அனுபவத்தை முதலில் நோக்குவோம். இவ்வழக்கின் இரு பக்கத்துச் சான்றுகளும் அங்கேயே நிரம்ப உள. 1976 இல் முதலாவது கிறே-1 பொறி லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தை அடைந்தது. அதன்பின் பல ஆண்டுகளாக இத்தகைய பொறிகள் பெரும்பாலும் அணுவாயுத ஆய்வுகூடங்களிலும் அவைபோன்ற அரச நிலையங்களிலுமே இருந்தன. பல்கலைக்கழக ஆய்வாளருக்கு அவை எட்டாக்கனியாயிருந்தமையை 1982 இல் கணிதவியலாளர் பீற்றர் லக்ஸ் தலைமையிலான குழு தன் அறிக்கையிற் கண்டித்துரைத்தது. வானியற் பௌதிகவியலாளரான லரி ஸ்மார், தம் நாட்டிற் செய்யப்பட்ட பொறியொன்றைப் பயன்படுத்துவதற்காகவே மேற்கு ஜேர்மனிக்குச் செல்ல வேண்டியிருந்ததென்பது அக்காலத்து நகைப்புக்கிடமான உண்மை. இவற்றின் விளைவாகத் தேசிய விஞ்ஞான மன்றம் 1985, 1986 ஆம் ஆண்டளவில் ஐந்து மீக்கணனி நிலையங்களை நிறுவியது. பிற்ஸ்பேர்க் நகரில் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகமும் வெஸ்ரிங்ஹவுஸ் நிறுவனத்துடன் கூடி நடத்திய நிலையம் அவற்றுள் ஒன்று.

அந்நிலையங்களின் வாயிலில் முதலில் வந்து நின்றோர் பௌதிகவியலாளரும் பொறியியலாளருமே. அவர்கள் போட்ரான் மொழியில் நிரலெழுதி வளர்ந்தவர்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது பொறி மட்டுமே. உயிரியலாளரின் நிலை வேறு. பொறி திறந்திருந்தது, ஆயின் அதன் முன் அமர்ந்து என்ன செய்வதென்று அறிந்தோர் அவர்களிடையே மிகச் சிலர். இதனை உணர்ந்து, தேசிய சுகாதார நிறுவகங்களின் உதவியுடன் 1987 இல் பிற்ஸ்பேர்க் நிலையம் உயிர்மருத்துவ ஆய்வாளருக்கெனத் தனியான திட்டமொன்றைத் தொடங்கியது. பொறியில் நேரம் ஒதுக்கிக் கொடுத்தலோடு அது நின்றுவிடவில்லை. புரத வரிசைகளை ஒப்பிடுதல், பெருமூலக்கூறுகளின் இயக்கத்தைக் கணித்தல் முதலிய துறைகளிற் செயலமர்வுகளை ஆண்டுதோறும் நடத்தியது. கற்பித்தோர் கணனி விற்பனையாளரல்லர். தாமே அத்துறைகளில் ஆய்வு செய்வோர். இந்தக் கடைசி அம்சமே அத்திட்டத்தின் உயிர்நிலை என்பது எமது கருத்து.

அங்கு வந்தவர்கள் எதைக் கற்கவேண்டியிருந்தது என்பதைச் சற்று விரித்துரைத்தல் நன்று. பொத்தானை அமத்துவதே பயிற்சியென்போர் இதனை அறியார். ஒரு புரத மூலக்கூறின் இயக்கத்தைக் கணிப்பதென்றால், அதிலுள்ள ஒவ்வோர் அணுவின் மீதும் ஏனைய அணுக்கள் செலுத்தும் விசையைக் கண்டு, நியூற்றனின் விதிப்படி அதனை மிகச் சிறு காலத்துக்கு நகர்த்தி, மீண்டும் விசையைக் கண்டு, மீண்டும் நகர்த்துதல் வேண்டும். அச்சிறு காலம் ஒரு செக்கனை நூறு கோடி கூறாக்கி, அக்கூறு ஒன்றை மீண்டும் பத்து இலட்சம் கூறாக்கினால் வரும் அளவினது. காலப்படியைச் சற்றே பெரிதாக்கினால் வேலை விரைவில் முடியும். ஆனால் அணுக்களின் அதிர்வைக் கணிப்புத் தவறவிட, மூலக்கூறு ஏட்டிலே சூடேறி வெடித்துச் சிதறும். வெடித்தால் நல்லது, பிழை தெரிந்துவிடும். வெடிக்காமல் மெல்ல மெல்ல வழுவிச் சென்றால், ஆய்வாளர் அவ்வழுவையே உயிரின் இரகசியமென எழுதிவிடுவார். சக்தி காக்கப்படுகின்றதா என்று பார்க்கும் பழக்கம் பௌதிகவியல் மாணவருக்குத் தாய்ப்பால் போன்றது. உயிரியலாளருக்கோ அது கற்பித்தாலன்றி வாராது.

இக்கணிப்பின் வளர்ச்சியை எண்களிற் பார்த்தல் தகும். 1977 இல் மக்கமன், ஜெலின், கார்ப்பிளஸ் ஆகிய மூவரும் ஐம்பத்தெட்டு அமினோவமிலங்களைக் கொண்ட ஒரு சிறு புரதத்தின் இயக்கத்தை, சூழ்ந்துள்ள நீரைப் புறக்கணித்து, 9.2 பிக்கோசெக்கன்களுக்குக் கணித்து வெளியிட்டனர். 1998 இல் துவான், கோல்மன் இருவரும் கிறே நிறுவனத்தின் சமாந்தரப் பொறிகளிற் பல மாதம் உழைத்து, முப்பத்தாறு அமினோவமிலங்களைக் கொண்ட துண்டொன்று மடிவதை நீரோடு சேர்த்து ஒரு மைக்குறோசெக்கன் வரை கணித்தனர். 2010 இல் டி.ஈ. ஷோ ஆய்வு நிறுவனத்தார், இவ்வொரு வேலைக்கெனவே செய்யப்பட்ட அன்ரன் என்னும் பொறியில், 1977 இல் எடுத்துக்கொள்ளப்பட்ட அதே ஐம்பத்தெட்டு அமினோவமிலப் புரதத்தை ஒரு மில்லிசெக்கன் வரை கணித்துக்காட்டினர். முப்பத்துமூன்று ஆண்டுகளிற் பத்துக் கோடி மடங்கு! அதே 2010 இல் அன்ரன் பொறியொன்று பிற்ஸ்பேர்க் நிலையத்தில் வைக்கப்பட்டுப் பல்கலைக்கழக ஆய்வாளருக்குக் கட்டணமின்றித் திறந்துவிடப்பட்டது. அப்பொறி, நுணுக்குக்காட்டியால் நுண்ணுயிர்களைக் கண்ட அன்ரன் வான் லீவன்ஹூக்கின் பெயரைத் தாங்கியது. பெயர் பொருத்தமானதே. ஆனால் லீவன்ஹூக் தம் வில்லைகளைத் தாமே தேய்த்தவர் என்பதையும் மறத்தலாகாது.

கணிப்பின் நீளம் பத்துக் கோடி மடங்காகிய அக்காலத்திற் பயிற்சி எத்தனை மடங்காயிற்று என்று கேட்பின், விடை கூறுவார் இலர். நாட்கணக்கில் நடந்த செயலமர்வு இன்றும் பெரும்பாலும் நாட்கணக்கிலேயே நடக்கின்றது.

பயிற்சி பெற்றவரின் கையிற் பொறி என்ன செய்யும் என்பதற்கும் பிற்ஸ்பேர்க்கிலேயே சான்றுண்டு. நியூயோர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாள்ஸ் பெஸ்கின், டேவிட் மக்குவீன் ஆகியோர் துடிக்கும் இதயத்தின் முப்பரிமாண மாதிரியை அங்கிருந்த கிறே பொறியில் ஓடவிட்டனர். இதயச் சுவர் குருதியைத் தள்ளுகின்றது. குருதி சுவரைத் தள்ளுகின்றது. இரண்டையும் ஒருங்கே தீர்க்கவேண்டும். பெஸ்கின் இதற்கான கணித முறையை 1972 ஆம் ஆண்டளவிலேயே, தட்டையான இருபரிமாண மாதிரியைக்கொண்டு, உருவாக்கியிருந்தார். முப்பரிமாணத்துக்குப் போதிய பொறி வரும்வரை அவ்வினா காத்திருந்தது. அவருக்கு வால்வின் தொழிலும் தெரியும், பாய்பொருளின் சமன்பாடும் தெரியும், தம் நிரல் எவ்விடத்திற் பொய் சொல்லக்கூடும் என்பதும் தெரியும். இம்மூன்றும் மூவரிடம் பிரிந்து கிடந்திருப்பின் அவ்விதயம் துடித்திருக்குமோ என்பது ஐயமே.

இனி எதிர்த்தரப்பாரின் முதற் கூற்றை எடுத்துக்கொள்வோம். கணிப்பைப் பிறரிடம் விட்டுவிடலாம் என்கின்றனர். விட்டவர்களின் கதை யாது?

ஸ்கிறிப்ஸ் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த புரத அமைப்பாய்வாளர் ஒருவர், பற்றீரியாக்களின் கலமென்சவ்வில் இருந்து பொருள்களைக் கடத்தும் புரதமொன்றின் அமைப்பை 2001 இல் வெளியிட்டுப் பெரும்புகழ் பெற்றார். தொடர்ந்து அதனையொத்த அமைப்புக்களும் வெளிவந்தன. பிறரால் மேற்கோள் காட்டப்பட்டன. அவற்றோடு முரண்பட்ட பரிசோதனை முடிவுகளைப் பெற்றவர்கள் தம் முடிவுகளை ஏற்கச்செய்ய இடர்ப்பட்டனர். 2006 இல் சுவிற்சர்லாந்து ஆய்வாளர் இருவர் அக்குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு புரதத்தின் அமைப்பை வெளியிட்டபோதுதான் உண்மை வெளிப்பட்டது. தரவுகளைச் சுருக்குவதற்கு ஆய்வுகூடத்திற் பயன்படுத்தப்பட்டு வந்த சிறு நிரலொன்று இரு நிரைகளை இடம்மாற்றி வைத்திருந்தது, குறி மாறியது, அமைப்பே தலைகீழாயிற்று. ஐந்து கட்டுரைகள் மீளப்பெறப்பட்டன. அந்நிரல் பொதுவழக்கிலிருந்த மென்பொருளன்று. கைக்குக் கை வந்தது. அதனை எவரும் திறந்து பார்க்கவில்லை. அவ்வாய்வாளர் நேர்மையற்றவர் என எவரும் கூறவில்லை. அவர் மிகத் திறமையுள்ள பரிசோதனையாளர். அவருடைய பயிற்சி நிரலின் வாயிலோடு நின்றுவிட்டது; அவ்வளவே.

டியூக் பல்கலைக்கழகத்து நிகழ்ச்சி இதனிலும் கொடியது. ஒரு நோயாளியின் புற்றுநோய்க் கட்டியிலுள்ள பரம்பரையலகுகளின் தொழிற்பாட்டைப் பார்த்து, எந்த மருந்து அவருக்குப் பயன்தரும் என முன்கூட்டியே சொல்லலாம் என்று 2006 இல் அங்கிருந்து ஒரு கட்டுரை வந்தது. எம்.டி. அண்டர்சன் புற்றுநோய் நிலையத்தைச் சேர்ந்த புள்ளிவிபரவியலாளரான கீத் பகர்லி, கெவின் கூம்ஸ் ஆகியோர் அம்முடிவை மீண்டும் பெற முயன்று பெறமுடியாது திகைத்தனர். வெளியிடப்பட்ட பரம்பரையலகுப் பட்டியல்களைத் துருவியபோது, அட்டவணையின் தலைப்பு வரியால் ஒவ்வொரு பெயரும் ஓரிடம் தள்ளிப்போயிருந்தமை தெரிந்தது. சில இடங்களில் மருந்துக்கு இணங்கும் கலங்களும் இணங்காக் கலங்களும் பெயர் மாறிக் கிடந்தன. 2007 இலும் 2009 இலும் அவர்கள் இதனை எழுத்தில் எடுத்துரைத்தனர். ஆயினும் நூற்றுக்கு மேற்பட்ட நோயாளர் அக்கணிப்பை அடிப்படையாகக்கொண்ட மருத்துவச் சோதனைகளிற் சேர்க்கப்பட்டிருந்தனர். சோதனைகள் ஒருமுறை இடைநிறுத்தப்பட்டு, மீண்டும் தொடங்கப்பட்டு, 2010 இலேயே முற்றாகக் கைவிடப்பட்டன. பின்னர், 2015 இல், சம்பந்தப்பட்ட ஆய்வாளர் ஒருவர் தரவுகளை வேண்டுமென்றே திரித்தாரென அமெரிக்க அரசின் ஆய்வு நேர்மைப் பணியகம் முடிவு செய்தது.

வஞ்சனைக்குப் பயிற்சி மருந்தாகுமோ என்று இங்கு ஒரு நண்பர் குறுக்கிடலாம். ஆகாது. ஆனால் வஞ்சனை ஒருவருடையது. அதனைக் காணமுடியாமை பலருடையது. கட்டுரைகளிற் பெயர் பொறித்த மூத்தோர் இருந்தனர். சோதனைகளுக்கு அனுமதி வழங்கிய குழுக்கள் இருந்தன. அட்டவணையைத் திறந்து முதல் வரியையும் இரண்டாம் வரியையும் ஒப்பிட்டுப் பார்க்க வல்லவர், பார்க்கவேண்டும் என்னும் எண்ணம் உடையவர், அங்கே எத்தனைபேர் இருந்தனர்? வெளியூரார் இருவர் வந்து சொல்லவேண்டியிருந்தது. சொன்ன பின்னும் செவிகள் உடனே திறக்கவில்லை. கட்டில்களிற் கிடந்தோர் புற்றுநோயாளர் என்பதை நினைவிற் கொள்க.

மேற்கூறிய இரண்டும் மீக்கணனியில் நிகழ்ந்தவையல்ல, சாதாரண மேசைக் கணனியில் நிகழ்ந்தவை என்பது உண்மை. அதுவே எமது வாதத்துக்கு வலிமை. சில ஆயிரம் எண்களை வைத்துக்கொண்டே இவ்வளவு காலம் ஒளிந்திருக்கக்கூடிய பிழை, பல கோடி எண்களிடையே எவ்வளவு காலம் ஒளிந்திருக்கும்? மீக்கணனி பிழையைத் திருத்துவதில்லை. விரைவுபடுத்துகின்றது.

பொத்தான் கட்சியாரின் கூற்றுக்கு வருவோம். 2016 இல் ஸ்வீடன், பிரித்தானிய ஆய்வாளர் மூவர், மூளையின் தொழிற்பாட்டைக் காந்தப்படம் மூலம் காண்பதற்கு உலகெங்கும் பயன்படும் மென்பொருள்களைச் சோதித்தனர். நூற்றுக்கு ஐந்தாக இருக்கவேண்டிய பொய்க் கண்டுபிடிப்பு வீதம் சில அமைப்புக்களில் எழுபது வரை சென்றது. ஒரு மென்பொருளிற் பதினைந்து ஆண்டுகளாக இருந்த வழுவொன்றும் அப்போது வெளிப்பட்டது. பதினைந்து ஆண்டுகளாகப் பொத்தானை அமத்தியோர் எவ்வளவு நிம்மதியாக அமத்தியிருப்பர்! அதே 2016 இல் வேறொரு குழுவினர், பரம்பரையலகுப் பட்டியல்களை எக்செல் அட்டவணையாக இணைத்து வெளியான கட்டுரைகளுள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கிற் பெயர்கள் சிதைந்திருந்தமையைக் காட்டினர். செப்ற்-2 என்னும் பரம்பரையலகை அம்மென்பொருள் செப்ரெம்பர் மாதத்து இரண்டாந் திகதியாக மாற்றிவிடும். இத்தொல்லை தாங்காது 2020 இற் பெயரிடும் குழுவினர் பரம்பரையலகின் பெயரையே மாற்றினர். மென்பொருளுக்காக உயிரின் கூறு தன் பெயரை விட்டுக்கொடுத்தது. இதனை நகைச்சுவையாகவும் கொள்ளலாம், துன்பியலாகவும் கொள்ளலாம்.

உயிரியலாளருக்குக் கணிப்பு இயல்பாகவே ஒவ்வாதது என்ற வாதத்தைச் சிலர் மெதுவாக முணுமுணுப்பதுண்டு. அதற்கு வரலாறு இடந்தரவில்லை. மாகரெற் டேஹொவ் அம்மையார் துளையட்டைப் பொறிகளில் இரசாயனக் கணிப்புச் செய்து கலாநிதிப் பட்டம் பெற்றவர். 1965 இல் அறுபத்தைந்து புரதங்களின் வரிசைகளைத் தொகுத்து அவர் வெளியிட்ட நூலே இன்றைய பெருந்தரவகங்களின் முன்னோடி. உயிரிரசாயனவியலாளரான ரசல் டூலிற்றில், தாம் சேர்த்துவைத்திருந்த வரிசைகளோடு ஒப்பிட்டு, குரங்கின் புற்றுநோய் வைரசு ஒன்றின் பரம்பரையலகும் குருதிச் சிறுதட்டுகளிலிருந்து வரும் வளர்ச்சிக் காரணியும் ஒன்றையொன்று ஒத்திருப்பதை 1983 இற் கண்டார். புற்றுநோய் பற்றிய சிந்தனையைத் திருப்பிய அக்கண்டுபிடிப்பு எழுந்தது எந்த வரிசையோடு எதனை ஒப்பிடவேண்டும் என்று அறிந்த மனத்தில்.

சென்னைப் பல்கலைக்கழகத்தை இவ்விடத்திற் குறிப்பிடாது செல்வது முறையன்று. ஜி. என். இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோர் 1963 இல், புரதச் சங்கிலியின் முதுகெலும்பிலுள்ள இரு கோணங்கள் எவ்வெப் பெறுமானங்களை ஏற்கலாம், எவற்றை ஏற்றால் அணுக்கள் ஒன்றோடொன்று மோதும் என்பதைக் கணித்து ஒரு வரைபடமாகத் தந்தனர். இன்று உலகின் எம்மூலையிலும் புரத அமைப்பொன்று தீர்க்கப்பட்டால், அது அவ்வரைபடத்தின் மீது இடப்பட்டுச் சோதிக்கப்படுகின்றது. மீக்கணனிச் செயலமர்வுக்கு வரும் மாணவர் முதலிற் கற்கும் சோதனைகளுள் இராமச்சந்திரன் வரைபடமும் ஒன்று. அவர்கள் மீக்கணனி இருந்த ஊரிலிருந்து அதனைச் செய்யவில்லை. வினாவை எழுப்பியவரும் கணித்தவரும் ஒரே ஆய்வுகூடத்தில், ஒரே மேசையைச் சுற்றி இருந்தனர் என்பதே அங்கிருந்த பலம்.

ஆயின் பயிற்சி எவ்வாறு அமையவேண்டும்? செயலமர்வுகளின் நிகழ்ச்சிநிரல்களைப் பார்த்தால், எப்படி உள்நுழைவது, எப்படி வேலையை வரிசையிற் சேர்ப்பது, எப்படி விடையைப் படமாக்குவது என்பனவே நிறைந்திருக்கும். இவை வேண்டியனவே; ஒரு பிற்பகலிற் கற்கத்தக்கன. கற்பிக்கப்படாது விடப்படுவன வேறு. 1967 இல் ஜீன் அம்டால் எடுத்துக்காட்டிய எளிய கணக்கு ஒன்றுண்டு: ஒரு வேலையில் நூற்றுக்கு ஐந்து பங்கு ஒன்றன்பின் ஒன்றாகவே செய்யவேண்டியதாயின், ஆயிரமன்று, இலட்சம் செயலிகளைக் கொடுத்தாலும் அவ்வேலை இருபது மடங்குக்கு மேல் விரைவடையாது. இதனை அறியாத ஆய்வாளர் ஆயிரம் செயலிகளைக் கேட்டுப் பெற்று, அவற்றுட் பெரும்பாலானவற்றை வாளாவிருக்க வைத்து, பிறருடைய நேரத்தையும் விழுங்கிவிடுகின்றார். எண்களைக் கூட்டும் ஒழுங்கு மாறினாற் கடைசித் தசமதானங்கள் மாறும் என்பதும் அவ்வாறே. பல்லாயிரம் செயலிகள் தத்தம் பங்கைக் கூட்டி முடிக்கும் ஒழுங்கு ஒவ்வொரு முறையும் ஒன்றாயிராது. புரத இயக்கம் போன்ற கணிப்பில் அச்சிறு வேறுபாடு பெருகி, ஒரே தொடக்கத்திலிருந்து இருமுறை ஓடிய கணிப்பு இரு வேறு பாதைகளிற் செல்லும். ஒரு பாதையை மட்டும் ஓடவிட்டு, அழகிய படமெடுத்து, 'புரதம் இவ்வாறே அசைகின்றது' என எழுதுவோருக்கு இதனை எவர் சொன்னார்?

எமது எண்ணத்தில், நல்ல பயிற்சியென்பது மாணவரை அவருடைய சொந்த வினாவோடும் சொந்தத் தரவோடும் வரச்செய்து, விடை ஏற்கெனவே தெரிந்த ஒரு கணக்கை முதலில் தீர்க்கவைத்து, பின்பு விடையே இல்லையென்று தெரிந்த தரவைக் கொடுத்து, அவருடைய நிரல் அதிலும் ஏதேனும் 'கண்டுபிடிக்கின்றதா' என்று பார்க்கச்செய்வது. பரிசோதனைச் சாலையிற் கட்டுப்பாட்டுப் பரிசோதனையின்றி ஓர் உயிரியலாளர் ஓரடியும் வையார். அதே மனிதர் கணனியின் முன் அமர்ந்ததும் அந்நல்லொழுக்கத்தை வாசலிற் கழற்றி வைத்துவிடுவதேன்? கணிப்பும் பரிசோதனையே என அவருக்கு எவரும் கற்பிக்காமையே காரணம். இதனை இரண்டு நாளிற் கற்பிக்கமுடியாது. செயலமர்வு முடிந்து ஆறு மாதத்தின் பின், தம் ஆய்வுகூடத்திற் சிக்கல் எழும்போது கடிதம் எழுதிக் கேட்பதற்கு ஒருவர் இருக்கவேண்டும். அந்த ஒருவரின் பதவி எங்கே என்பதுதான் கேள்வி.

பொறிகளுக்குரிய பணம் நிலையற்றது. 1997 இல் தேசிய விஞ்ஞான மன்றம் தன் நிலையங்களை மறுசீரமைத்தபோது பிற்ஸ்பேர்க் அவற்றுள் இடம்பெறவில்லை. 2000 இல் புதிய பொறியொன்றுக்குத் தெரிவாகி மீண்டும் உள்ளே வந்தது. இவ்விடைக்காலத்திலும் உயிர்மருத்துவப் பயிற்சி அற்றுப்போகவில்லை. அதற்குச் சுகாதார நிறுவகங்களிலிருந்து வேறு நிதி இருந்தது. பயிற்சியின் பணம் பொறியின் பணத்திலிருந்து பிரிந்திருக்கவேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. பின்னர் அந்நிலையம், சிறுபான்மை இனத்தவர் பெருமளவிற் பயிலும் கல்லூரிகளின் ஆசிரியர்களை வரவழைத்துப் பயிற்றி, அவர்கள் தத்தம் கல்லூரிகளில் உயிர்த்தகவலியற் கற்கைநெறிகளைத் தொடங்க உதவிய திட்டமும் பாராட்டற்குரியது. ஆசிரியரைப் பயிற்றினால் அவர் ஆண்டுதோறும் மாணவரைப் பயிற்றுவார். பொறியோ ஐந்தாறு ஆண்டுகளிற் பழையதாகிக் கழற்றப்படும். 1999 இல் பொற்ஸ்ரைன், ஸ்மார் ஆகியோரின் தலைமையில் சுகாதார நிறுவகங்களுக்கு அளிக்கப்பட்ட அறிக்கையும் ஆட்பற்றாக்குறையை வலியுறுத்தியது. அறிக்கைகளுக்குக் குறைவில்லை.

இப்போது புதிதாக ஒரு வாதம் கிளம்பியுள்ளது. செயற்கை நுண்ணறிவு நிரலையும் எழுதித் தருகின்றதே, இனி ஆய்வாளர் எதனைக் கற்கவேண்டும் என்பது அது. புரத அமைப்பை முன்னுரைக்கும் நிரலை ஆக்கியோருக்கு 2024 இல் இரசாயனவியல் நோபெல் பரிசின் ஒரு பாதி வழங்கப்பட்டதும் இவர்களுக்கு உற்சாகமளித்துள்ளது. நிரலை எழுதுவது கடினமாயிருந்த காலத்தில் எழுதியவராவது ஒவ்வொரு வரியையும் ஒருமுறை படித்தார். எழுதாமலே நிரல் கிடைக்கும் காலத்தில் அவ்வொருமுறையும் இல்லாமற் போகின்றது. இரு நிரைகள் இடம்மாறிய கதையை இவர்கள் மறுபடியும் படிக்கவேண்டும். 2020 இல் பெருந்தொற்றுப் பரவியபோது சம்மிற் என்னும் மீக்கணனி எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட சேர்வைகளை ஆராய்ந்து எழுபத்தேழைத் தெரிந்து தந்தது. அது பயனுள்ள பணியே. எனினும் அது ஆய்வுகூடத்திற் சோதிக்கவேண்டியவற்றின் பட்டியல், மருந்தின் பெயரன்று. பட்டியலுக்கும் மருந்துக்கும் இடையிலுள்ள தூரத்தை அளக்கத் தெரிந்தவரைப் பொறி உற்பத்தி செய்யாது.

எமது நாட்டைப் பற்றியும் ஒரு சொல். இங்கு உயர்தர வகுப்பில் உயிரியற் பிரிவைத் தெரிந்த மாணவர் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகியவற்றைக் கற்கின்றார். இணைந்த கணிதம் கணிதப் பிரிவினருக்குரியது. ஆகவே நாளை மருத்துவ ஆய்வாளராகப்போகும் பிள்ளையின் முறையான கணிதக் கல்வி சாதாரணதரப் பரீட்சையோடு, ஏறத்தாழப் பதினாறு வயதில், முடிவடைகின்றது. வகையீட்டுச் சமன்பாடு என்னும் சொல்லைக்கூடக் கேளாது பட்டம் பெறுவோர் உளர். இன்று தூரத்துப் பொறியொன்றில் நேரம் பெறுவது முன்னரைப்போல் அரிதன்று. வலைப்பின்னலூடாக எங்கிருந்தும் வேலையை அனுப்பலாம். ஆனால் அனுப்புவதற்குரிய வேலையை ஆக்கத் தெரியவேண்டுமே! உயர்தரப் பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. மருத்துவ, விஞ்ஞான பீடங்கள் தம் உயிரியல் மாணவருக்கு முதலாம் ஆண்டிலேயே கணிதமும் புள்ளிவிபரவியலும் நிரலாக்கமும் ஒருங்கே கொண்ட கற்கைநெறியொன்றைக் கட்டாயமாக்கலாம்; அதனைக் கற்பிக்க உயிரியலும் கணிப்பும் அறிந்த ஒருவரை, ஒப்பந்த அடிப்படையிலன்றி, நிரந்தரப் பதவியில் அமர்த்தலாம். ஆண்டிறுதிப் பரீட்சையில் வினா ஒன்றே போதும்: முடிவுற்ற ஒரு கணிப்பையும் அதன் தரவையும் நிரலையும் மாணவர் கையிற் கொடுத்து, அதில் வேண்டுமென்றே வைக்கப்பட்ட பிழை எங்கேயுள்ளது என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம். சில ஆண்டுகளில் பிழையே வைக்காமலும் கொடுக்கலாம்.